திருகாணி கண்ணுக்குத் தெரியட்டும்

ஓசூரிலும் ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் நாளைக்கு வரப்போகும் வண்டியைக் கணினியில் வரைந்துகொண்டிருக்கும் பொறியாளர்களுக்கு வணக்கம்.

உங்களில் ஓரிருவருக்கு நானே பிளஸ் ஒன் இயற்பியல் நடத்தியிருக்கக்கூடும். தாம்பரம் சுற்றுவட்டார அரசுப் பள்ளிகளில் 31 ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். தொழில்முறை மெக்கானிக் கிடையாது. வீட்டு வண்டியை மட்டும் நானே பிரித்து மாட்டிப் பழகியவன். அந்தப் பழக்கம் அப்பாவிடமிருந்து வந்தது. அவரிடம் திருவொற்றியூர் தொழிற்சாலையில் செய்த புல்லட் ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பாயிண்டைத் திறந்து உப்புத்தாளால் தேய்ப்பார். பிளக் இடைவெளி பார்க்க ஹாக்சா பிளேடுத் துண்டு ஒன்று அவர் டூல்ஸ் பையில் எப்போதும் கிடக்கும். கேட்ட ஸ்பேனரை எடுத்துக் கொடுப்பது என் வேலை. இயற்பியலின் மேல் எனக்கு ஆசை வந்தது பாடப் புத்தகத்தால் இல்லை, அந்தத் திண்ணையில்தான்.

எட்டு வருட இடைவெளியில் எங்கள் தெருவுக்குள் இரண்டு முறை வெள்ளம் வந்தது. இரண்டு முறையும் ஒரு வண்டி மூழ்கியது. அந்த இரண்டு வண்டிகளையும் பற்றிச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

2015 டிசம்பர் முதல் தேதி ராத்திரி அடையாறு பெருகி முடிச்சூருக்குள் புகுந்தது. அரிசி மூட்டையையும் சர்டிபிகேட் பெட்டியையும் தூக்கிக்கொண்டு மாடியேறத்தான் நேரம் இருந்தது. கீழே நின்ற ஸ்பிளெண்டரை ஏற்ற முடியவில்லை. 1999இல் வாங்கியது. ஹேண்டில்பார்கூடத் தெரியாமல் இரண்டு நாள் தண்ணீருக்குள் கிடந்தது. வடிந்த பிறகு பார்த்தால், சேற்றில் பிடித்து வைத்த பொம்மை மாதிரி நின்றது.

பக்கத்து வீட்டுக்காரர் ஆசையாக வந்து, ஒரு கிக் அடித்துப் பார்க்கலாமே என்றார். வேண்டாம் என்று தடுத்தேன். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. சிலிண்டருக்குள் தண்ணீர் நிற்கும்போது எஞ்சினை வேகமாகச் சுற்றினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றினேன். பிளக்கை எடுத்தேன். கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்த அழுத்த, பிளக் துளை வழியாகப் பழுப்புத் தண்ணீர் பீய்ச்சியடித்தது. அடியில் 17ஆம் நம்பர் போல்ட்டைத் திறந்தேன். இறங்கியது ஆயிலா, பால் தூக்கலாகப் போட்ட டீயா என்று சொல்ல முடியாத நிறம். புது ஆயில் ஊற்றிக் கையால் சுற்றி மறுபடி வடித்தேன். அப்போதும் வெளிறித்தான் வந்தது. மூன்றாவது முறை தெளிந்தது.

கார்புரேட்டர்தான் நேரம் பிடித்தது. கீழ்க் கிண்ணத்தைத் திறந்தால் களிமண் படிந்திருந்தது. பைலட் ஜெட்டைக் கழற்றி வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால் ஊசிமுனை அளவுக்கு ஒரு வெளிச்சப் புள்ளி தெரிய வேண்டும். தெரியவில்லை. பெட்ரோலில் ஊறப்போட்டு, ஊதி, பழைய கிளட்ச் வயரிலிருந்து ஒரு இழையை உருவி மெல்ல நுழைத்தேன். எட்டாவது படித்த என் மகள் தட்டேந்தி நின்றாள். ஜெட்டை வாங்கி ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, "தெரியுதுப்பா" என்றாள். பிறகு பிரேக் டிரம்மைத் திறந்து சேற்றைத் துடைத்தோம், கேபிள்களுக்கு ஆயில் விட்டோம். டிசம்பர் 6ஆம் தேதி சாயங்காலம் ஏழாவது கிக்கில் வண்டி பிடித்தது. செலவு ஆயில், ஒரு பிளக், ஒரு ஏர் ஃபில்டர். மறுநாள் காலையில் அந்த வண்டியில்தான் தெருவுக்கே பால் பாக்கெட் வந்தது.

இனி இரண்டாவது வெள்ளம். 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். அதே மகள், வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் தன் சம்பளத்தில் வாங்கிய பி.எஸ். 6 ஸ்கூட்டர். ஒரே ராத்திரி, அதுவும் பாதி வரைக்கும்தான் தண்ணீர். ஸ்டார்ட் செய்யக் கூடாது, பேட்டரியைக் கழற்ற வேண்டும் என்று அவளுக்கே தெரிந்திருந்தது. ஆனால் பிளக்கைப் பார்க்கவே நான்கு பேனல்களைக் கழற்ற வேண்டியிருந்தது. பிளாஸ்டிக் கிளிப்பை எந்தப் பக்கம் தள்ளினால் விடும் என்று வண்டியோடு வந்த புத்தகத்தில் இல்லை. இரண்டு கிளிப் முறிந்தன. இருந்தும் எஞ்சின் தண்ணீரை வெளியேற்றினோம், ஆயில் மாற்றினோம், பேட்டரியைச் சார்ஜ் செய்து மாட்டினோம். செல்ஃப் சுற்றியது. எஞ்சின் பிடிக்கவில்லை. மீட்டரில் மஞ்சள் நிறச் செக் லைட் மட்டும் விடாமல் எரிந்தது.

அந்த விளக்கு எதையோ சொல்லிக்கொண்டிருந்தது. வண்டியின் மூளைக்குக் கோளாறு எந்த இடத்தில் என்று தெரியும். தெரிந்ததால்தான் விளக்கைப் போட்டிருக்கிறது. எங்களுக்குச் சொல்லத்தான் அதற்கு அனுமதி இல்லை. மகள் புத்தகத்தைப் புரட்டி அந்த விளக்கின் படத்தைக் கண்டுபிடித்தாள். எதிரே ஒரே வரி: அருகிலுள்ள அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரை அணுகவும்.

அணுகினோம். சென்டர் வாசலில் ரோட்டை அடைத்து வெள்ளத்தில் நனைந்த வண்டிகள் நின்றன. அங்கிருந்த பையன்கள் சாப்பாட்டுக்குக்கூட உட்காராமல் வேலை பார்த்தார்கள், அவர்கள் மேல் எனக்குக் குறையில்லை. முழு ஒயரிங்கும் வண்டியின் மூளையான ஈசியு பெட்டியும் மாற்ற வேண்டியிருக்கலாம், ரூ.23,000 வரை ஆகலாம் என்று முதலில் சொன்னார்கள். ஸ்கேனர் எங்கள் வண்டிக்கு வர 47 நாள் ஆனது. கடைசி பில்லில் இருந்தது ஒரு சென்சாரும் இரண்டு கனெக்டரும். ரூ.2,860. அந்த 47 நாளும் மகள் இருட்டோடு எழுந்து, இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போனாள்.

பழைய வண்டிதான் நல்ல வண்டி என்று பாடுவதற்காக இதைச் சொல்லவில்லை. அப்படி நினைக்கிறவர்கள் என் நண்பர்களிலும் இருக்கிறார்கள். ஆர்எக்ஸ் 100 சத்தத்தைக் கேட்டால் இன்றைக்கும் கண் கலங்குவார்கள். அந்தச் சத்தம் எனக்கும் பிடிக்கும். ஆனால் டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் உள்ளே போகும் பெட்ரோல் கலவையில் ஒரு பங்கு எரியாமலேயே சைலன்சர் வழியாக வெளியேறுகிறது. கூடவே எரிந்த ஆயில் புகை. பள்ளி விடும் நேரத்தில் கேட்டுக்கு வெளியே அந்த நீலப் புகைக்குள் நின்ற பிள்ளைகளின் இருமலை நான் கேட்டிருக்கிறேன். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 மாசு விதி வந்தது வெறும் சட்டக் கெடுபிடியால் இல்லை, நம் மூச்சுக்காக. மகளின் ஸ்கூட்டரில் இடது பிரேக்கைப் பிடித்தால் இரண்டு சக்கரமும் சேர்ந்து நிற்கிறது. 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிக்கு ஏபிஎஸ் கட்டாயம். மழையில் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு என் ஸ்பிளெண்டர் இரண்டு முறை என்னைக் கீழே தள்ளியிருக்கிறது. மகள் ஓட்டுவது அவளுடைய வண்டியாகவே இருக்கட்டும் என்றுதான் நான் விரும்புகிறேன்.

எரிபொருள் இன்ஜெக்‌ஷனும் வேண்டிய ஒன்றே. 2,200 மீட்டருக்கு மேலே இருக்கும் ஊட்டிக்கு ஸ்பிளெண்டரில் போனபோது வண்டி திணறியது. பிளக்கைக் கழற்றினால் கரி. மலைமேல் காற்று மெலிசு, கார்புரேட்டருக்கு அது தெரியாது. சமவெளியில் கொடுத்த அதே பெட்ரோலைத்தான் அங்கேயும் கொடுக்கும். இன்ஜெக்‌ஷன் வண்டியில் ஒரு சென்சார் காற்றழுத்தத்தை அளந்து சொல்ல, ஈசியு பெட்ரோலைக் குறைத்துக்கொள்கிறது. இயற்பியல் ஆசிரியனாக இதைப் பார்க்கும்போது மனம் நிறைகிறது. இதைச் செய்தவர்கள் நீங்கள். உங்கள் மேல் எனக்கு இருப்பது மரியாதை.

ஆகவே என் கேள்வி வேறு. ஒரு வண்டியைத் திறந்து பார்ப்பது ஏன் கடினமாகிறது? காரணம் இரண்டு வகை. ஒன்று, பொருளின் இயல்பு. ஏபிஎஸ் அலகை வீட்டுத் திண்ணையில் பிரிக்க முடியாது, பிரிக்கவும் கூடாது. டேங்குக்குள் இருக்கும் பம்பு பெட்ரோலை ஏறத்தாழ மூன்று பார் அழுத்தத்தில் தள்ளுகிறது, அழுத்தத்தை இறக்காமல் குழாயைக் கழற்றினால் கண்ணில் அடிக்கும். மின் ஸ்கூட்டரின் பேட்டரிப் பெட்டிக்கு முத்திரை வைப்பது சரி. இவற்றையெல்லாம் மூடியே வையுங்கள். இன்னொரு வகைக் கடினம் யாரோ ஒருவர் மேசையில் எடுத்த முடிவு. விளக்கு எரிகிறது, அர்த்தத்தைச் சொல்ல மாட்டோம் என்பது எந்த இயற்பியல் விதியிலும் இல்லை. பிளக்குக்குப் போக நான்கு பேனல் வேண்டும் என்று நியூட்டன் சொல்லவில்லை.

முடியும் என்பதற்குச் சான்று உங்கள் தொழிலுக்குள்ளேயே இருக்கிறது. ஹோண்டாவின் இன்ஜெக்‌ஷன் முறையில் அந்தச் செக் லைட்டே சிமிட்டிப் பேசும். நீளமாக ஒரு சிமிட்டல் பத்து, குட்டைச் சிமிட்டல் ஒன்று. நீளம் ஒன்று, குட்டை இரண்டு என்றால் 12, இன்ஜெக்டரைப் பார். குட்டையாக ஏழு என்றால் எஞ்சின் சூட்டை அளக்கும் சென்சார். ஸ்கேனரும் வேண்டாம், லேப்டாப்பும் வேண்டாம், எண்ணத் தெரிந்தால் போதும். இப்படி ஒரு வழியை யோசித்து வைத்த அந்த முகம் தெரியாத பொறியாளரைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் அந்த எண்களின் அட்டவணை மெக்கானிக்குகளுக்கான புத்தகத்தில்தான் இருக்கும். வண்டி வாங்குகிறவர் கையில் கொடுக்கும் புத்தகத்தில் தேடினால் கிடைக்காது.

கோயம்புத்தூர்க்காரர்களுக்கு ஜி.டி. நாயுடு கதை தெரிந்திருக்கும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 1893இல் கலங்கல் கிராமத்தில் பிறந்தவர். பள்ளியில் அதிகம் படிக்கவில்லை. வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்தவர், அதை வாங்குவதற்காகவே கோவைக்கு வந்து ஓட்டலில் பரிமாறும் வேலை பார்த்தார். மூன்று வருடம் காசு சேர்த்து, 300 ரூபாய்க்கு அதை வாங்கினார். வாங்கியதும் ஊர்சுற்றப் போகவில்லை. உட்கார்ந்து அக்கக்காகக் கழற்றினார், திரும்ப மாட்டினார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்டார். பிறகு மோட்டார்கள், கருவிகள், தொழில்நுட்பப் பள்ளிகள் என்று போன அந்த வாழ்க்கை, ஒரு வண்டியைக் கழற்றியதில் தொடங்கியது. கழற்ற முடிகிற வண்டியாக அது இருந்தது. இன்று ஏதோ ஒரு கிராமத்தில் அதே துடிப்போடு ஒரு பையனோ பெண்ணோ இருந்து, கையில் கிடைப்பது கிளிப்பும் முத்திரையும் போட்ட வண்டி என்றால் அந்தக் கை எதைப் பிடித்து உள்ளே போகும்?

கழற்றினால்தான் புரியும் என்பதை வகுப்பறையிலும் பார்த்தேன். பெர்னூலி தத்துவத்தைக் கரும்பலகையில் எத்தனை வருடம் எழுதினேன்! குறுகிய வழியில் வேகம் கூடும், அழுத்தம் குறையும். மனப்பாடமாகச் சொல்வார்கள், புரிந்திருக்காது. ஒரு வருடம் புதுப்பேட்டையில் எடைக்குப் போட்டிருந்த பழைய கார்புரேட்டர் ஒன்றை வாங்கிவந்து வகுப்பில் கழற்றிக் காட்டினேன். நடுவில் குறுகும் அந்தக் குழாயில் விரலை விட்டுப் பார்த்தார்கள். பெட்ரோலைப் பம்பு எதுவும் தள்ளுவதில்லை, உள்ளே அழுத்தம் குறைவதால்தான் அது ஏறுகிறது என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. அந்தப் பையன் அதுவரை என் வகுப்பில் வாய் திறந்ததில்லை. த்ராட்டில் பாடியையும் இன்ஜெக்டரையும் அப்படிக் கழற்றிக் காட்ட நான் தயார். அவற்றைப் பிரித்து மாட்டும் படம் எங்கே கிடைக்கும்?

எங்கள் பக்கத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டோரம் ஒரு மெக்கானிக் ஷெட். வண்டி தெருமுனையில் திரும்பும்போதே டப்பெட் சத்தமா, டைமிங் செயின் சத்தமா என்று சொல்லிவிடுவார். அவரிடம் எத்தனையோ பையன்கள் தொழில் கற்று, தனிக் கடை போட்டார்கள். மகளின் ஸ்கூட்டரை அவரிடம்தான் முதலில் தள்ளிக்கொண்டு போனோம். செக் லைட்டைப் பார்த்துவிட்டு, "சார், கம்பெனியிலயே குடுத்துருங்க சார்" என்றார். பல கம்பெனி வண்டிகளையும் படிக்கும் பொது ஸ்கேனர் ஒன்றைக் கடன்பட்டு வாங்கியிருக்கிறார். அது சிலதைப் படிக்கிறது, சிலதைப் படிப்பதில்லை. முப்பது வருட அனுபவசாலி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்த அந்தக் காட்சி என்னை மிகவும் வருத்தியது. ஐந்து கிலோமீட்டரில் சர்வீஸ் சென்டர் இருக்கும் எங்களுக்கே இந்தக் கதி. விடிகாலையில் பால் கேனைக் கட்டிக்கொண்டு வண்டியெடுக்கும் கிராமத்துக்காரருக்குப் பக்கத்து ஊர் ஷெட்டைவிட்டால் வேறு என்ன இருக்கிறது?

பழுது பார்க்கும் வழியைத் திறந்துவிடுங்கள் என்று கேட்பவன் நான் ஒருவன் மட்டும் இல்லை. 2014இல் இந்தியப் போட்டி ஆணையம், உதிரிபாகங்களையும் பழுது கண்டறியும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்ததற்காகக் 14 கார் கம்பெனிகளுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. பிறகு அது மேல்முறையீடுகளுக்குப் போனது. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுநீக்கும் உரிமைக்கென்று ஓர் இணையதளமே தொடங்கியது. அதில் மோட்டார் வாகனமும் ஒரு துறை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில மக்கள் 2012இலும் 2020இலும் வாக்குப் போட்டு இந்த உரிமையைக் கேட்டு வாங்கினார்கள். இருந்தாலும் சட்டம் வந்து பேனலைத் திறக்கும் என்று நான் காத்திருக்கவில்லை. திருகாணி எந்தப் பக்கம் வர வேண்டும் என்று முடிவு செய்வது நீங்கள். அதனால்தான் கடிதம் உங்களுக்கு.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பிளக், பேட்டரி, ஃபியூஸ், ஏர் ஃபில்டர் ஆகிய நான்குக்கும் ஒரே ஸ்க்ரூடிரைவரோடு போய்ச் சேரும்படி வழி விடுங்கள். கிளிப் போட்டே ஆக வேண்டுமென்றால் அது எந்தப் பக்கம் விடும் என்று பேனலின் உட்பக்கத்தில் ஒரு அம்புக்குறி போடுங்கள், அச்சில் ஒரு கோடு, அவ்வளவுதான். முகப்பு விளக்கில் ஒரு எல்.இ.டி. போனால் முழு விளக்கையும் மாற்ற வைக்காதீர்கள். ஸ்கேனர் பேசும் மொழியை ஷெட்டுக்காரருக்கும் கொடுங்கள், இலவசமாக வேண்டாம், நியாயமான விலைக்குக் கொடுங்கள். பழைய வண்டிக்காரர்களுக்காகவும் ஒன்று: இப்போது பங்க்கில் கிடைப்பது எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோல். பழைய கார்புரேட்டரின் ரப்பர் வாஷர்களுக்கும் குழாய்களுக்கும் அது ஒத்துக்கொள்வதில்லை. எத்தனாலைத் தாங்கும் ரப்பர் செட்டை ஒவ்வொரு பழைய மாடலுக்கும் செய்து கடைக்கு அனுப்பினால், லட்சக்கணக்கான வண்டிகள் குப்பைக்குப் போகாமல் ஓடும்.

திறந்துவிட்டால் தெரியாதவர்கள் கை வைத்துக் கெடுத்துவிடுவார்கள் என்று உங்கள் மேலதிகாரிகள் சொல்லலாம். சிலர் கெடுப்பார்கள். நானும் 1988இல் ஒரு பிளக் துளையின் மரையைக் கெடுத்தேன். லேத்தில் கொடுத்துப் புது மரை போட்டு வாங்கினேன். அதற்குப் பிறகு இன்றுவரை எந்தப் பிளக்கையும் முதல் மூன்று சுற்று விரலால் மாட்டாமல் ஸ்பேனரைத் தொட்டதில்லை. கெடுத்தவர்தான் கற்றுக்கொள்கிறார். ஆபத்தானவை எவை என்று தெளிவாகச் சிவப்பு எழுத்தில் போட்டுவிட்டு, மற்றவற்றை எங்கள் கையில் விடுங்கள். காசு கொடுத்து வாங்கியவரை நம்புங்கள்.

ஸ்பிளெண்டர் இன்னும் வீட்டில்தான் நிற்கிறது. 2014இல், 2019இல், பிறகு 2024இல் என்று மூன்று முறை எஃப்.சி. காட்டி ஆர்.சி.யைப் புதுப்பித்திருக்கிறேன். புகைச் சோதனையில் தேறுகிற வரை வைத்திருப்பேன், தேறாத அன்று கொடுத்துவிடுவேன். அந்த வண்டிக்குப் பின்னும் எங்கள் வீட்டில் யாராவது ஒருவர் தட்டேந்தி நிற்க வேண்டும், இன்னொருவர் கழற்ற வேண்டும் என்பதே என் ஆசை.

போன மாதம் மகளின் ஸ்கூட்டரில் அந்த மஞ்சள் விளக்கு மறுபடி எரிந்தது. அவள் என்னைக் கூப்பிடவில்லை. புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்த் தானே வண்டிமுன் குந்தி உட்கார்ந்தாள். அடுத்த மாடலுக்குப் புத்தகம் எழுதும்போது விளக்கு சிமிட்டும் எண்களின் அட்டவணையைத் தமிழில் ஒரு பக்கமாகச் சேர்த்துவிடுங்கள்.

அன்புடன்,
முடிச்சூரிலிருந்து ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர்